சைட் குடுத்தா உங்க சொத்தா போயிரும்?

நேத்து அக்காவ கிளினிக்குக்கு நுவரெலியாவுக்கு கூட்டிட்டு போனேன், அவளுக்கு இது எட்டாவது மாசம், கொட்டகலை தாண்டினதும் முன்னாடி ஒரு கார் வந்து மாட்டுச்சு, அப்பயிருந்து நானுஓயா வரைக்கும் அந்த காரோட முதுகப் பார்த்துக்கிட்டேதான் போனேன். இன்னும் ஆத்திரம் அடங்கல.

மெதுவா போறது தப்பே இல்லங்க. மழை, பனி, ரோட்டு பழக்கமில்ல, வண்டியில சின்னப்புள்ளைங்க, மெதுவாத்தான் போகணும். ஆனா நடுக்கோட்டு மேல ஒரு டயர வச்சுக்கிட்டு ஏன் போறீங்க? டெவன் நீர்வீழ்ச்சி தெரியுற எடத்துல நிப்பாட்டி பாக்க எடம் இருக்கு, அங்க நிப்பாட்டாம ஓடுற வண்டியில கண்ணாடிய எறக்கி போன நீட்டி வீடியோ எடுக்குறாங்க, பின்னால பஸ்ஸு, கொழுந்து லொறி, ஸ்கூல் வேன், ஆட்டோன்னு வரிசை நீண்டுக்கிட்டே போகுது, ஹோர்ன் அடிச்சா மொறைக்குறாங்க வேற.

எங்க லொறிக்காரங்கள பாருங்க. ஏத்தத்துல லோடோட திணறிக்கிட்டு போவாங்க, ஆனா எதிர்ல வண்டி வந்தா வலது சிக்னல், ரோடு காலியா இருந்தா இடது சிக்னல், ஒதுங்கியும் குடுப்பாங்க. அப்பவும் நம்ம கண்ணால பார்த்துட்டுதான் எடுக்கணும், அது வேற விஷயம். அந்த மரியாத இந்த புது கார்க்காரங்களுக்கு ஏன் இல்ல?

கொடுமை என்னன்னா, முடக்குல 20ல ஊர்ந்தவருக்கு நேர் ரோட்டக் கண்டதும் வேகம் வந்துருது. லிந்துலை கிட்ட கொஞ்சம் நேரா இருந்துச்சு, எதிர்ல ஒண்ணுமில்ல, கோடும் விட்டு விட்டுதான் இருந்துச்சு, ஒரு கியர் கொறைச்சு சிக்னல் போட்டு ஹோர்னும் அடிச்சு வெளிய எடுத்தேன். பக்கத்துல போனதும் அந்தாளும் அமுக்குறாரு! அக்கா சீட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு "வேணாம்டா தம்பி, விட்டுரு"ன்னா. பிரேக் அடிச்சு திரும்ப பின்னாலயே வந்துட்டேன். அடுத்த நிமிசம் அந்த முடக்குல இருந்து ஒரு பஸ் எறங்கி வருது. ஒருத்தன் உங்கள முந்துறான்னா கால எடுங்க, அவன் போகட்டும், இது என்ன ரேஸா? 2023 ஜனவரியில ரதல்லையில பஸ் மோதி வேன்லயும் ஆட்டோவுலயும் வந்த 7 பேர் போனத இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் மறக்கல, அந்த பயத்தோடதான் நாங்க தினமும் ஓட்டுறோம்.

பின்னால வர்றவங்களையும் சொல்லணும். முன்வண்டி பம்பரோட ஒட்டிக்கிட்டு போனா எதிர்ல என்ன வருதுன்னே தெரியாது, கொஞ்சம் தள்ளி வாங்க, ரோடு தெரியும். டபுள் லைன்லயும் முடக்குலயும் எடுக்காதீங்க. ஒருத்தன் எடுத்துட்டான்னு அவன் பின்னாலயே பாக்காம எடுக்குறாங்க பாருங்க, அவனுக்கு உள்ள போக எடம் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

தெற்கு ஹைவேக்கு ஹயர் போனாலும் இதே கததான். 100ல போகலாம்னு போட்டிருக்கு, வலது லேன்ல 70ல ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டு போறார், இடது லேன் காலியா கெடக்கு. வலது லேன் முந்துறதுக்குங்க, முந்திட்டு இடது பக்கம் வந்துருங்க! உங்களாலதான் சில பேர் பொறுக்க முடியாம இடது பக்கத்தால பாயுறாங்க. நான் பாய மாட்டேன், லைட்ட ரெண்டு தடவ அடிச்சுட்டு எடம்விட்டு காத்திருப்பேன், ஆனா வயிறு எரியுது.

நேத்து அந்த கார் நானுஓயாவுல டீ குடிக்க நிப்பாட்டுச்சு. அவ்வளவு நேரமும் அவங்களுக்கு அவசரமே இல்ல. நாங்க போய் சேர்றதுக்குள்ள அக்காவோட நம்பர் தாண்டிருச்சு, வீங்கின காலோட மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தா.