அல் கப்போனை விடுங்கள், மோ டாலிட்ஸைப் பாருங்கள்

அமெரிக்க மதுவிலக்குக் காலம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சாராயக் கும்பல் தலைவன் அல் கப்போனிடம்தான் போய் நிற்கிறோம். சிகாகோ, சுருட்டு, 1929 காதலர் தினத்தன்று சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட ஏழு பேர். சரி, ஆனால் கப்போன் தோற்றுப்போன ஆள். 1931இல் வருமான வரி வழக்கில் 11 ஆண்டு தண்டனை, ஆல்கட்ராஸ் சிறை, அப்புறம் மேகநோய் மூளைவரை ஏறி 48 வயதில் சாவு. தப்பு செய்தவன் அனுபவித்தான் என்று நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். மோ டாலிட்ஸ் கதையில் அந்த நிம்மதி கிடைக்காது.

டாலிட்ஸும் மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தியவர்தான், கப்போன் பிறந்த அதே 1899இல் பிறந்தவர். மிச்சிகனில் அப்பாவுக்குச் சலவைத் தொழில். கள்ளச் சரக்கு முதலில் அந்தச் சலவை லாரிகளில்தான் போனது என்பார்கள். டெட்ராய்ட் ஆற்றைத் தாண்டினால் கனடா. சில இடங்களில் அகலம் ஒரு மைல்கூட இல்லை. அந்தக் கரையில் மது தயாரித்து ஏற்றுமதி செய்வது சட்டப்படி சரி. ஆகவே 'கியூபாவுக்கு' என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு கிளம்பும் சின்னப் படகு, அமெரிக்கக் கரையில் சரக்கை இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பி வந்து அடுத்த நடைக்கு ஏற்றும். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் பனிமேல் கார்களே ஓடின. பனி உடைந்தால் குதித்துவிட வேண்டுமே, அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினார்கள்.

பிறகு டாலிட்ஸ் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து போனார். ஈரி ஏரி வழியாக அதே வியாபாரம், இன்னும் பெரிதாக. கூட்டாளி மோரிஸ் கிளைன்மன் வரி வழக்கில் உள்ளே போனார், டாலிட்ஸ் போகவில்லை. 1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்தது. தொழில் முடியவில்லை. சட்டபூர்வ மதுவுக்கு வரி உண்டே, வரி கட்டாத சரக்கில் இன்னமும் காசு இருந்தது. அதோடு சூதாட்ட விடுதிகள்.

இந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை. ஓஹியோ ஆற்றுக்கு அந்தப்புறம், கென்டக்கியின் நியூபோர்ட் பக்கம், பெவர்லி ஹில்ஸ் கிளப் என்று ஒரு சூதாட்ட விடுதி. டாலிட்ஸின் கிளீவ்லாந்து கூட்டம் அதன்மேல் கண் வைத்திருந்தது. உரிமையாளர் விற்க மறுத்தார். 1936 பிப்ரவரியில் விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. காவலாளி குடும்பத்தோடு அங்கே இருந்த ஐந்து வயதுச் சிறுமி செத்துப்போனாள். உரிமையாளர் திரும்பக் கட்டினார், ஆனால் நெருக்கடி ஓயவில்லை. சில ஆண்டுகளில் விடுதி அந்தக் கூட்டத்தின் கைக்கே போனது. டாலிட்ஸ் மீது இதற்காக எந்த வழக்கும் இல்லை.

போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து அதிகாரியானார். கொடுத்த வேலை ராணுவச் சலவையகங்களை நடத்துவது. 1950இல் லாஸ் வேகாஸில் டெசர்ட் இன் என்ற சூதாட்ட விடுதி. அடுத்த ஆண்டு குற்றக் கும்பல்கள் பற்றிய செனட் விசாரணையில் குழுத் தலைவர் கீஃபாவர், சாராயக் கடத்தலில்தானே முதல் பணம் சேர்ந்தது என்று கேட்டபோது, நீங்களெல்லாம் குடிக்காமல் இருந்திருந்தால் நான் கடத்தியிருக்க மாட்டேன் என்றார். இந்தப் பதிலைச் சாமர்த்தியம் என்று ரசிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. குடித்தவர்கள் கேட்டது விஸ்கியை. விடுதிக்குத் தீ வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

டாலிட்ஸைக் கொடையாளி என்பவர்கள் உடனே லாஸ் வேகாஸில் அவர் கட்டிய சன்ரைஸ் மருத்துவமனையைச் சொல்வார்கள். ஊருக்கு மருத்துவமனை தேவைப்பட்டது, அங்கே உயிர்கள் பிழைத்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் அது டாலிட்ஸ் குழுவினர் லாபத்துக்குக் கட்டியது. அதற்குக் கடன் கொடுத்தது டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் ஓய்வூதிய நிதி. லாரி ஓட்டுநர்கள் வயதான காலத்துக்கென்று சேர்த்த பணம். அதை எப்படிக் கொடை என்று சொல்வது?

கடைசிவரை ஒரு தண்டனைகூட இல்லை. 1980களில் ஒரு சிவில் உரிமை அமைப்பு மேடையேற்றி விருது கொடுத்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அதனால் சிறை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருது? அது நீதிமன்றம் கொடுப்பதில்லை, நாம் கொடுப்பது. கொடுப்பதற்கு முன் அந்தப் பணம் வந்த வழியைக் கேட்டிருக்க வேண்டும்.

1989 ஆகஸ்டில் 89 வயதில் இறந்தார். நியூபோர்ட் தீயில் போன அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் அப்போது அறுபதைக்கூடத் தொட்டிருக்காது.