தேயிலை விலை ஏறவே இல்லை

நேற்று ஒரு வினாடி வினாவில் வந்த கேள்வியால் வந்த பஞ்சாயத்து இது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் தங்களை ஆண்ட பிரிட்டனை ஏன் எதிர்த்தார்கள்? 'தேயிலை வரியை உயர்த்தியதால்.' அதுதான் சரியான விடையாம். தப்பு என்று இரண்டு வரி எழுதியதற்கு 'அதிமேதாவி' பட்டம் கிடைத்தது. நன்றி, வைத்துக்கொள்கிறேன். தப்பு தப்புதான்.

1773 தேயிலைச் சட்டம் அமெரிக்காவில் ஒரு காசு வரி ஏற்றவில்லை. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்பது 1767-லேயே போட்ட வரி. லண்டன் கிடங்குகளில் தேயிலை தேங்கி, கிழக்கிந்திய கம்பெனி திவால் வாசலில் நின்றது. 'லண்டன் ஏலம் வேண்டாம், நேராக அமெரிக்காவுக்கு ஏற்று, இங்கே கட்டிய சுங்கத்தைத் திருப்பித் தருகிறோம்' என்றது பிரிட்டிஷ் பாராளுமன்றம். டச்சுக் கடத்தல் தேயிலையைவிடக் கம்பெனிச் சரக்கு மலிவாயிற்று. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 340 பெட்டிக்குக் குறையாமல் கடலில் கொட்டியது அந்த மலிவுச் சரக்கைத்தான். விலை ஏறிவிட்டது என்று கோபப்படுகிறவன், விலை குறைந்த சரக்கையா கொட்டுவான்?

பிறகு எதற்காக? சம்பளத்துக்காக. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் ஆளுநர் சம்பளத்தை வருடா வருடம் மக்கள் சபைதான் ஒதுக்கும். பிடிக்காத ஆளுநரை வழிக்குக் கொண்டுவர சபை கையிலிருந்த ஒரே மூக்கணாங்கயிறு அது. 1772-ல் அது அறுந்தது. ஆளுநருக்கும் உயர் நீதிபதிகளுக்கும் இனி சுங்க வருமானத்திலிருந்து அரசரே சம்பளம் தருவார் என்றார்கள். அந்த வருமானத்தில் சேர்ந்தது எது? தேயிலையின் அதே 3 பென்ஸ். தொகை சின்னது. அது யார் கைக்குப் போய் என்ன செய்யும் என்பதுதான் சண்டை.

நம்பிக்கை வரவில்லையா? 1764-ல் வெல்லப்பாகு வரியை கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். எதிர்ப்பு கூடியது. காரணம், குறைத்த வரியைக் கறாராக வசூலித்தார்கள். வழக்கு வந்தால் ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றம். காகிதங்களுக்கும் ஆவணங்களுக்கும் போட்ட முத்திரை வரியை 1766-ல் ரத்து செய்தார்கள். அதே கையோடு, 'எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு' என்று இன்னொரு சட்டமும் நிறைவேற்றினார்கள். 1770-ல், 1767-ல் போட்ட மற்ற வரிகளை நீக்கிவிட்டுத் தேயிலையை மட்டும் விட்டுவைத்ததும் அந்த உரிமையைக் காட்டத்தான்.

'ஏழாண்டுப் போர்க் கடனை யார் கட்டுவது?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டச் சொல்லலாம், சபையைக் கேட்டுக் கட்டச் சொல்லலாம். 'போராட்டத் தலைவர்களில் ஒருவரான பாஸ்டன் வணிகர் ஹான்காக்கே கடத்தல்காரன்தானே?' அவர் கப்பலை 1768-ல் பறிமுதல் செய்தார்கள், உண்மைதான். கடத்தல் வணிகர்களுக்கு லாபக் கணக்கு இருந்தது. சபை அதிகாரம் போனது அதனால் பொய்யாகிவிடுமா? அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் பேசினார்களே என்றால், அங்கே என்னிடம் பதில் இல்லை. வெட்கக்கேடு.

'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்றவருக்குத்தான் எனக்கு அதிகக் கோபம். 1773 நவம்பரில் அமெரிக்க அரசியல் எழுத்தாளர் ஜான் டிக்கின்சன் என்ன எழுதினார் தெரியுமா? வங்காளத்தைப் பஞ்சத்தில் சாகவிட்ட கம்பெனி அடுத்து அமெரிக்காவுக்கு வருகிறது என்று. நம் பிணங்கள் அவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கின்றன, ஐயா. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் எங்கே போனார்? 1786-ல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இறங்கினார். 1792-ல் திப்புவிடமிருந்து சேலம், தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் திண்டுக்கல்லையும் வாங்கிக் கம்பெனிக்குக் கொடுத்தவர் அவர்தான். கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர்.