சிங்க் அடைப்பு எடுக்கற பவுடரை மூஞ்சில பூசச் சொன்ன அக்கா நான் தாங்க

ஆமாங்க, நான் தான். வீட்டு மாடியில சோப்பு செஞ்சு விக்கறேன், அதுல சிங்க் அடைப்பு எடுக்கற பவுடர் இருக்குனு ஒரு பொண்ணு வீடியோ போட்டிருக்கு. அந்த வீடியோல பாதி மூஞ்சி மட்டும் தெரியற, வெட்டிவேர் சோப்பை கையில வெச்சுட்டு அசடு மாதிரி சிரிச்சுட்டு நிக்கற அக்கா நான் தான். லிங்க் போட மாட்டேன், அதுக்கு இன்னும் நாலு வியூ நானே சேத்தி விடணுமா. இதுவரைக்கும் எனக்கே 40 பேருக்கு மேல ஃபார்வேர்ட் பண்ணிட்டாங்க, அதுல பாதி சொந்தக்காரங்க, "பாத்தியா கண்ணு, உன்னைத் தான் போட்டிருக்காங்க"னு. பாத்தேங்க பெரியம்மா. ஏழு தடவ பாத்தேன்.

ரெண்டு நாளா வாயை மூடிட்டு தான் இருந்தேன். வீட்டுக்காரர் "விடு, ஒரு வாரத்துல அடங்கிடும்"னாரு. அடங்கல. நேத்து சாயங்காலம் ரெண்டு ஆர்டர் கேன்சல், இன்னிக்கு காலைல இன்னொண்ணு. அதுல ஒருத்தங்க மூணு வருஷமா எங்கிட்ட வாங்கறவங்க. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, பாப்பாவுக்கும் அதே சோப்பு தான் போடறேன், பயமா இருக்கு"ங்கறாங்க. அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு.

சரி, நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு தான். காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடுங்கறதும் அதே தான்) இல்லாம எண்ணெயில செய்யற கட்டி சோப்பு கிடையாது. கிடையவே கிடையாது. உங்க பாத்ரூம்ல இருக்கற சோப்பு, மாமனாரு போடற சிவப்பு சோப்பு, குழந்தைக்குன்னு தனியா வாங்கி வெச்ச சோப்பு, அனேகமா எல்லாத்துக்கும் ஆரம்பம் அதே தான். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தா ரெண்டுமே தன் குணத்தை விட்டுட்டு சோப்பும் கிளிசரினும் ஆயிடும். எண்ணெய் எண்ணெயா இருக்காது, சோடா சோடாவா இருக்காது. அரிசியும் உளுந்தும் ஆட்டி புளிக்க வெச்சு இட்லி ஊத்தினப்பறம் தட்டுல உளுந்தைத் தேடுவீங்களா?

வீடியோ போட்ட அந்த தங்கச்சி (ஸ்டால்ல பாத்த அன்னிக்கு தங்கச்சினு தான் கூப்பிட்டேன், இப்பவும் வாய் மாற மாட்டேங்குது) லேபிளைத் திருப்பி, சோடியம் ஹைட்ராக்சைடுங்கற வரியை ஜூம் பண்ணி, "ஃப்ரெண்ட்ஸ், இது என்ன தெரியுமா, சிங்க் அடைப்பு எடுக்கற பவுடர்"னு கண்ணை உருட்டி சொன்னாங்களே, அந்த வரி லேபிள்ல எப்படி வந்துச்சு? நான் எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. கம்பெனி சோப்பு கவரை எடுத்து பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. சோடியம் பாமேட்னு இருக்கும், சோடியம் பாம் கெர்னலேட்னு இருக்கும். பாமாயிலும் பாம் கொட்டை எண்ணெயும் காஸ்டிக்கோட சேர்ந்து வந்த பொருளோட பேரு அது. நானும் தேங்காய் எண்ணெயில செய்யறதுக்கு சோடியம் கோகோயேட்னு போட்டிருக்கலாம், அதுவும் பொய் இல்ல, அப்படி போட்டிருந்தா வீடியோவே வந்திருக்காது. என்ன போட்டு செஞ்சேனோ அதை அப்படியே எழுதணும்னு நெனச்சேன் பாருங்க, அங்க தான் மாட்டினேன்.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பொண்ணும் சோப்பு விக்குது. கெமிக்கல் ஃப்ரீ வேப்பிலை சோப்பு, 120 ரூபா. அதைச் செய்யற வீடியோவும் அவங்க பேஜ்லயே இருக்கு. வெள்ளையா சோப் பேஸ் கட்டி (ஃபேக்டரில செஞ்சு வர்ற ரெடிமேட் சோப்பு), துண்டு போட்டு, உருக்கி, வேப்பிலைப் பொடி தூவி, சிலிகான் மோல்டுல ஊத்தி, ரெண்டு மணி நேரத்துல ரெடி. அம்மணி, அந்த பேஸ் மரத்துலயா காச்சுது? அதைச் செஞ்ச ஃபேக்டரில காஸ்டிக் போட்டு தானே செஞ்சாங்க? அவங்க கை படாத இடத்துல நடந்தா இயற்கை, என் மாடியில நடந்தா கெமிக்கல். பேஸ் வாங்கி உருக்கறது தப்புங்கல, என் அத்தை பொண்ணே அப்படித் தான் செய்யறா, அழகா தான் இருக்கு. ஆனா காஸ்டிக் இல்லைனு சொல்லாதீங்க.

அளவு தெரியாம ஊத்தறேன்னு கமெண்ட்ல ஒருத்தர் எழுதியிருக்காரு. அண்ணா, ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுசா சோப்பாக 183 கிராம் காஸ்டிக் வேணும். நான் அவ்வளவும் போடறது இல்ல. வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு தோலை வறட்டிடும்ங்கறதால 20 சதவீதம் குறைச்சு 146 கிராம் போடறேன். சோடா தீந்து போகணும், எண்ணெய் மிச்சம் நிக்கணும், அது தான் கணக்கு. கிராம் தராசு வெச்சிருக்கேன், கொலுசுப் பட்டறைல வெள்ளி நிறுக்கற மாதிரி நிறுத்துத் தான் போடறேன். வெட்டி எடுத்து தேக்கு அலமாரில ஆறு வாரம் காய விடறேன். காஞ்சதும் பேட்சுக்கு ஒண்ணு எடுத்து நாக்கு நுனியில தொட்டுப் பாப்பேன். சுருக்குனு ஷாக் அடிச்சா சோடா மிச்சம்னு அர்த்தம், அந்த பேட்ச் முழுக்க கழிவு. உங்களுக்கு விக்கற சோப்பை நான் நக்கிப் பாத்துட்டு தாங்க விக்கறேன், இதுக்கு மேல என்ன செய்யட்டும்.

இதெல்லாம் பொறக்கறப்பவே தெரிஞ்சுக்கல. மொத தடவ செஞ்சப்ப அத்தையோட இண்டாலியம் சட்டியில கரைச்சேன். யூட்யூப்ல "ஒரு பாத்திரத்துல"னு தான் சொன்னாங்க, எந்தப் பாத்திரம்னு சொல்லல. காஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஜென்மப் பகை. புஸ்ஸுனு நுரைச்சு பொங்குது, மூக்குல ஏறுது, சட்டி கறுத்துப் போச்சு, நான் பின்னாடி நகந்து நகந்து தொளசி மாடத்துல போயி இடிச்சுட்டேன். அத்தை ஓடி வந்து பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "சட்டி என்னாச்சு?" ஹைட்ரஜன் வாயு தான் வருதுனு அப்பறமா தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், பக்கத்துல அடுப்பு எரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனச்சா வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆகும். அதுக்கப்பறம் எவர்சில்வர் மட்டும் தான். கிளவுஸ், கண்ணாடி, மாடியில திறந்த வெளி, தண்ணிக்குள்ள தான் சோடா, சோடா மேல தண்ணி ஊத்தவே கூடாது. காஸ்டிக் ஆபத்து இல்லைனு நான் எங்கயாச்சும் சொன்னேனா? அடுப்பும் தான் ஆபத்து. சோறு பொங்காமயா இருக்கோம்?

அப்பறம் வருவாங்க பாருங்க, "நம்ம பாட்டி காலத்துல இதெல்லாம் இருந்துச்சா"னு. உங்க பாட்டி சோப்பே போடலைங்க. நம்ம பக்கம் தலைக்கு அரப்பு, உசிலை இலையைக் காய வெச்சு இடிச்ச தூள், இல்லாட்டி சீயக்காய். மேலுக்கு பாசிப்பயத்த மாவு. அரப்புல காஸ்டிக் இல்ல, ஒத்துக்கறேன், நானும் அரைச்சு விக்கறேன், வாங்கிக்கங்க. ஆனா அதே பாட்டி துணியை எதுல வெளுத்தாங்க? உவர் மண்ணு. பாத்திரத்துக்கு? அடுப்புச் சாம்பல். ரெண்டும் காரம் (மிளகாய்க் காரம் இல்ல, காஸ்டிக் மாதிரி அல்கலி). வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவுனாங்களே, அதுவும் காரம் தான், ஒரு சிட்டிகை கூடிப் போனா வாய் வெந்துடும். ஆரத்திக்கு மஞ்சத் தண்ணியில அதே சுண்ணாம்பைப் போட்டதும் செவக்குதே, என் மஞ்சள் சோப்பும் மோல்டுல ஊத்தறப்ப அப்படித் தான் செவக்கும். பாட்டிக்கு சோடியம்ங்கற பேரு தெரியாது, கை அளவு தெரியும்.

இயற்கைனா கண்ணை மூடிட்டு பூசலாம்னு யாரு சொன்னா? எனக்கு 19 வயசு, நிச்சயம் ஆகியிருந்துச்சு, கலர் வரும்னு எலுமிச்சம்பழத்தை அறுத்து மூஞ்சி கழுத்தெல்லாம் தேச்சுட்டு கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் போயி உச்சி வெயில்ல வரிசையில நின்னேன். மறுநாள் எரிச்சல், மூணாவது நாள் கழுத்துல சாறு வழிஞ்ச தடம் அப்படியே கறுப்பா கோடு போட்ட மாதிரி. எலுமிச்சைச் சாறும் வெயிலும் தோல்ல சேர்ந்தா அப்படி வெந்து கறுக்கும். கல்யாண ஃபோட்டோல இன்னும் இருக்கு, மேக்கப்காரம்மா மூணு கோட் பூசியும் போகல. எலுமிச்சை சுத்தமான இயற்கை தாங்க. சோத்துக் கத்தாழை ஜெல்லும் இயற்கை தான், வழிச்சு எடுத்து பிரிசர்வேட்டிவ் போடாம பாட்டில்ல அடைச்சுக் குடுத்தேன் ஒரு காலத்துல, நாலு நாள்ல உள்ள பச்சையா பூத்துடுச்சு, பதினாறு பேருக்கு காசைத் திருப்பிக் குடுத்தேன். இப்ப தண்ணி சேர்ற எதுலயும் பிரிசர்வேட்டிவ் போடறேன், அதையும் லேபிள்ல எழுதறேன். அடுத்த வீடியோவுக்கு வேணும்னா அதை எடுத்துக்கச் சொல்லுங்க.

லேபிளே இல்லாம டப்பால வர்ற சிவப்பழகு க்ரீமைப் பத்தி யாரும் வீடியோ போடறது இல்ல. 2023ல கேரளா மலப்புரம் பக்கம் அந்த மாதிரி க்ரீம் பூசினவங்களுக்கு கிட்னி கெட்டுப் போயி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, பாதரசம். மூஞ்சில பூசினது கிட்னிக்குப் போயிருக்கு. அந்த டப்பாவைத் திருப்பி ஜூம் பண்ண என்ன இருக்கு? எழுத்தே இருக்காது. எழுதினவளைத் தான் பிடிச்சுக் கேக்க முடியும்.

லைசென்ஸ் இருக்கானு கேட்டவங்களுக்கு: நியாயமான கேள்வி. சோப்பும் காஸ்மெடிக் கணக்கு தான், விக்கறதுக்கு செஞ்சா லைசென்ஸ் வேணும், 2020 காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ்ல இருக்கு. பேப்பர் ரெடி பண்ணிட்டு இருக்கேன். தனி ரூம் காட்டணும், ஆளு காட்டணும், என் வீட்டு மாடியை எப்படிக் காட்டறதுனு தான் ஓடிட்டு இருக்கு. இதுக்கு மேல இதைப் பத்தி இங்க பேசல.

என் சோப்புக்கு 150 ரூபா கொள்ளைனு எழுதினவங்க சேலம் லீ பஜார் சந்தைக்கு ஒரு நடை போயி இன்னிக்கு தேங்காய் எண்ணெய் என்ன விலைனு கேட்டுட்டு வந்து எழுதுங்க.

இவ்வளவும் எழுதிட்டேன், ஆனா நெஜமா உறுத்தறது காஸ்டிக் இல்லைங்க. அந்த வீடியோல கடைசிக்கு முன்னாடி ஒரு வரி வருது, நெறைய பேரு கவனிச்சிருக்க மாட்டீங்க, "வீட்டுல சும்மா இருக்கற ஆன்ட்டிங்க எல்லாம் கெமிஸ்ட் ஆயிட்டாங்க ஃப்ரெண்ட்ஸ்"னு. சும்மா இருக்கற ஆன்ட்டி. அந்த வீடியோ எடுத்த அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சோப்பு பொட்டி ரெண்டையும் மடியில வெச்சுட்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ல ஏறி, ஏற்காட்டுல பனியில ஸ்டால் போட்டு நின்னேன். அந்தப் பொண்ணு வந்து "அக்கா பேக்கை கொஞ்சம் பாத்துக்கறீங்களா, பாத்ரூம் போயிட்டு வரேன்"னுச்சு. பாத்துகிட்டேன். குளிருதுனுச்சு, ஃபிளாஸ்க்ல இருந்த காப்பியைக் குடுத்தேன். "வாசம் சூப்பரா இருக்கு அக்கா"னு மோந்து மோந்து பாத்துச்சு, வெட்டிவேர் ஒண்ணு காசு வாங்காம கையில குடுத்தேன். அந்த சோப்பு தான் வீடியோல இருக்கறது. காப்பி எடிட்ல போயிடுச்சு போல.

காஸ்டிக்கைப் பத்தி எனக்கு சொல்லித் தராதீங்க. எங்கப்பா அம்மாப்பேட்டைல சாயப்பட்டறைல 22 வருஷம் வேலை பாத்தவரு. காஸ்டிக், ஹைட்ரோஸ் (சாயப்பட்டறைல போடற இன்னொரு கெமிக்கல்), ரெண்டு பேரும் எங்க வீட்டுல சொந்தக்காரங்க மாதிரி தெனமும் காதுல விழுந்த பேரு. நூல் அலசி அலசி ரேகை தேஞ்சு போன கை. சாயங்காலம் வந்ததும் அம்மா கடலை எண்ணெய் தடவி விடுவாங்க, விரல் இடுக்கு வெடிச்சு செவப்பா தெரியும், சோத்தைப் பிசையறப்ப ரசம் பட்டா கண்ணைச் சுருக்குவாரு, சத்தம் வராது. அங்க கிளவுஸ் யாரும் குடுக்கல. நான் மாடியில கிளவுஸ் மாட்டறப்ப எல்லாம் ஒரு நிமிஷம் அவரு கை ஞாபகம் வரும். காஸ்டிக் என்ன செய்யும்னு தெரிஞ்சு தாங்க தராசு வெச்சு கிராம் கணக்குல போடறேன். ஷாக் அடிக்காத மொத பேட்ச் வந்தப்ப அப்பாவுக்கு தான் குடுத்தேன். மோந்து பாத்துட்டு, "இதுலயும் அது தானே போடற?"னாரு. ஆமாம்பான்னேன். "அளவா போடு"னு சொல்லிட்டு குளிக்கப் போயிட்டாரு.

மத்தியானம் ஸ்டிக்கர் அடிக்கற தம்பி ஃபோன் பண்ணுச்சு. அதுவும் பாத்துடுச்சாம். "அக்கா, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு கோகோயேட்னு மாத்திடலாமா, ஒண்ணும் தப்பில்லையாமே, என் மச்சான் சொன்னான்." வீட்டுக்காரரும் அதைத் தான் சொல்றாரு. 500 ஸ்டிக்கர், அடிச்சதுக்கப்பறம் மாத்த முடியாது, காலைல பத்து மணிக்குள்ள சொல்லணும். இவ்வளவு வாய் பேசிட்டு, அந்தத் தம்பிக்கு இன்னும் பதில் சொல்லல நான்.