தூக்கப்பட்ட கமென்ட்டும் ஜார்ஜ் வாஷிங்டனும்

அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் புகழ்ந்து அண்ணன் ஒரு பதிவு போட்டார். அவர் அடிமைகளை வெச்சிருந்ததைப் பத்தி நான் அதுல போட்ட கமென்ட்டைத் தூக்கிட்டார். அவர் சுவர், அவர் இஷ்டம். ஆனா கையோட "தியாகிகளைக் கொச்சைப்படுத்தும் கும்பல்"னு ஒரு வரி போட்டார் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

சுதந்திரப் போர்ல ஜெயிச்ச தளபதி வாஷிங்டன், 1783 டிசம்பர்ல நாட்டோட காங்கிரஸ் அப்போ கூடியிருந்த அனாபொலிஸ் போய்த் தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்தது பெரிய விஷயம்தான். ரெண்டு தடவை ஜனாதிபதியா இருந்துட்டுப் போதும்னு எழுந்ததும் பெரிய விஷயம்தான். இங்க கூட்டுறவுச் சங்க நாற்காலியைவிட்டே எவனும் எழ மாட்டான். இதை நான் மறுத்தேனா?

"அடிமை முறை தப்புன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்"னு அண்ணன் எழுதினதைத்தான் கேட்டேன். வாஷிங்டனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சார்.

பிலடெல்பியா நாட்டோட தலைநகரா இருந்த காலம். வெளிமாநிலத்தார் கூட்டிட்டு வர்ற அடிமை தொடர்ந்து ஆறு மாசம் தங்கினா விடுதலை கேட்கலாம்னு அந்த ஊர் இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்துல 1780லயே சட்டம் இருந்துச்சு. ஜனாதிபதி என்ன பண்ணார்? கெடு முடியறதுக்குள்ள தன் அடிமைகளை மாநில எல்லை தாண்டி அனுப்பிட்டு, திரும்பக் கூட்டிட்டு வந்தார். அவங்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியாம ஏதாவது சாக்குச் சொல்லுங்கன்னு 1791ல செயலாளருக்குக் கடிதம் வேற. தப்புன்னு தெரியாதவர் எதுக்குங்க மறைக்கணும்?

எனக்கு அவர்மேல வன்மம் ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட பொய் சொல்லாம ஒத்துக்கிட்டார்ங்கிற வாஷிங்டன் கதையைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில முழங்கி எவர்சில்வர் டம்ளர் வாங்கினவன் நான். அம்மா அதுலதான் ரொம்ப வருஷம் தயிருக்கு உறை ஊத்தினாங்க. அந்தக் கதை வீம்ஸ்னு ஒரு பாதிரியார் கட்டிவிட்டதுங்கிறது வேற விஷயம்.

"உயில்ல விடுதலை கொடுத்தாரே?" கொடுத்தார். சொந்தமா வெச்சிருந்த 123 பேருக்கு, அதுவும் ஒருத்தரைத் தவிர மத்தவங்களுக்கு மனைவி காலத்துக்கு அப்புறம்னு எழுதி. மனைவியோட முதல் கணவர் சொத்துல வந்தவங்களை விடுவிக்கச் சட்டம் இடம் கொடுக்கல, ஒத்துக்கிறேன். தப்பி ஓடினவங்களைத் துரத்தச் சொல்லியும் சட்டமா கட்டாயப்படுத்துச்சு?

ஓனா ஜட்ஜ்ங்கிற அடிமைப் பொண்ணு அப்படி மனைவி பக்கத்துல இருந்து வந்தவங்கதான். 1796 மே மாசம், வீட்டுக்காரங்க சாப்பிட்டுட்டிருந்த நேரம் பார்த்து வெளியேறி, கப்பலேறி வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் போய்ட்டாங்க. ஒரு பொண்ணைப் பிடிக்க நாட்டோட ஜனாதிபதி நிதியமைச்சர் மூலமா சுங்க அதிகாரியை ஏவினார். மூணு வருஷம் கழிச்சும் விடல, உறவுக்காரர் ஒருத்தர்கிட்ட சொல்லி மறுபடி முயற்சி பண்ணார். அவங்க சிக்கல. 1848ல சாகிற வரைக்கும் சட்டத்தோட கணக்குல இன்னொருத்தர் சொத்துதான்.

இதைச் சொன்னா நான் கும்பலாம். இத்தனை வருஷப் பழக்கத்துல ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாம்.

"உன் தலைவர் மட்டும் யோக்கியமா"ன்னு கேட்க வர்றவங்க தாராளமா வாங்க, அவரையும் பேசுவோம். மொதல்ல ஓனா ஜட்ஜ்னு ஒரு தடவை எழுதிட்டுக் கேளுங்க.