வீட்டில் யாருக்கு சுகர் டெஸ்ட் எடுக்கிறோம்?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பல வீடுகளில் அப்பாவின் சுகர் ரிப்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல் பத்திரமாக இருக்கும். அம்மாவின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், "எனக்கு என்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் அவருக்காக நிற்பதும் அதே அம்மாதான். எனக்கு இதில் ரொம்ப நாளாகக் கோபம் உண்டு.

சுகர் என்றால் கால் புண், கண், கிட்னி என்றுதான் நமக்குத் தெரியும், மூளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2016-ல் வந்த ஓர் ஆய்வு 23 லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. சுகர் இருப்பவர்களுக்கு டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கும் திறனும் மங்கிப்போகும் நோய்) வரும் வாய்ப்பு, ஆணோ பெண்ணோ, சுமார் 60 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் மூளையின் ரத்தக்குழாய்கள் கெட்டு வரும் வகையை மட்டும் பார்த்தால் ஆண்களுக்கு 73 சதவீதம்தான் அதிகம், பெண்களுக்கோ 134 சதவீதம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் ஆண்களில் 5.8 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. படிப்பு குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததற்கும் இதில் பங்கு உண்டு.

சுகர் பெண்களை ஏன் கூடுதலாகப் பாதிக்கிறது? ஆண்களுக்குக் கொஞ்சம் தொப்பை போட்டாலே சுகர் எட்டிப் பார்த்துவிடும், சீக்கிரமே தெரிந்தும் விடும். பெண்களுக்கு அப்படி இல்லை, உடம்பு அதிகமாகப் போட்டு, பிரஷரும் கொழுப்பும் ஏறி, எல்லாம் ஒரு பாடு கெட்ட பிறகுதான் பெரும்பாலும் சுகர் கோட்டைத் தாண்டுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து இடுப்பில் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது, கெட்ட கொழுப்பும் கூடுகிறது. கவனிக்க வேண்டிய வயதே அதுதான், நம் வீடுகளிலோ அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம், மாமியாருக்கு முடியவில்லை என்று அவள் எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருப்பாள்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவைத் தெரியும். ஏலத்தில் எடுத்த கூடை, கடன் சொன்னவர்கள், மிச்சம் தர வேண்டிய சில்லறை என்று மொத்தக் கணக்கையும் மனதிலேயே வைத்திருப்பார். ஒரு நாள் நூறு ரூபாய்க்கு மீன் வாங்கி ஐந்நூறு நீட்டியவரிடம், மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததே ஞாபகம் இல்லாமல் மறுபடி எண்ண ஆரம்பித்தார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்றார்கள். கால் விரலில் புண் ஆறாமல் போன பிறகுதான் சுகர் 300-க்கு மேல் இருந்தது தெரிந்தது. மறதிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் மறதி என்று சொன்ன அன்றே ஏன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை? பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், அவை மாத்திரையிலேயே சரியாகக் கூடியவை.

கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று விட்டுவிடுகிறோம், ஆனால் பின்னாளில் அவர்களுக்கு சுகர் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட 7 முதல் 10 மடங்கு. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது, வருஷத்துக்கு ஒரு முறை அரசே கூப்பிட்டுப் பார்த்தால் என்ன?

சும்மா "டெஸ்ட் எடு" என்றால் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய காலை நேரத்தில்தான் தண்ணி லாரி வரும், பிள்ளைகளுக்கு டப்பா கட்ட வேண்டும். அதனால் மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டைக் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டு சாயங்காலம்கூடக் கொடுக்கலாம். ரத்தசோகை இருந்தால் அதில் அளவு மாறிக் காட்டலாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே பிரஷரும் பார்த்து, வயிற்றுச் சுற்றளவையும் ஒரு டேப்பால் எடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை, ஆண்களுக்கு 90.