ரேட்டை ஏற்றியும் புரொடக்‌ஷன் ஏன் வரவில்லை?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. உடனே யாரையாவது கூப்பிட்டு ஆட்களுக்கு 'மோட்டிவேஷன்' வகுப்பு எடுக்க வைப்பார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் சம்பளக் கணக்கை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேதான் கிடக்கும்.

முதலில் அட்டெண்டன்ஸ் போனஸ். மாதம் முழுக்க லீவு போடாவிட்டால் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5ஆம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு நாள் லீவு. ஆயிரமும் போச்சு. மீதி நாட்களுக்கு அந்தப் பணம் யாரையும் இழுத்துப் பிடிக்காது. 'எப்படியும் போனது போச்சு' என்று ஊர்த் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போடுவார்கள். அதையே வாரம் 250 ஆக உடைத்துக் கொடுங்கள். செலவு பெரிதாக ஏறாது, ஆனால் திங்கட்கிழமைதோறும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தரும் கூலி. ஓவர்லாக் தையல் மெஷினில் தோள் ஜாயின்ட் போடும் ஒரு டெய்லர் 60 பைசா ரேட்டில் ஷிப்டுக்கு 1,000 பீஸ் போடுகிறார், 600 ரூபாய். கை பழகி 1,300 வந்துவிட்டது, 780. உடனே ஆபீசில், 'ரேட்டை அதிகமா வச்சுட்டோம்' என்று 50 பைசாவாகக் குறைக்கிறார்கள். இப்போது அதே 1,300 பீஸுக்கு 650. முந்நூறு பீஸ் கூடுதலாகப் போட்டு ஐம்பது ரூபாய்தான் மிச்சம். அடுத்த ஆர்டரில் அந்த லைனில் ஒருவர்கூட ஆயிரத்தைத் தாண்ட மாட்டார். நாலு மணிக்கே எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாக்குவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்பவருக்குக் கணக்கு தெரியாது என்று அர்த்தம். ஒருமுறை வைத்த ரேட்டை அந்த ஆர்டர் முடியும்வரை தொடக்கூடாது. மெஷினோ வேலை முறையோ மாறினால் மட்டும், அதுவும் ஆட்களிடம் சொல்லிவிட்டு, மாற்றலாம்.

யாரும் எழுதி வைக்காத இன்னொரு கழிவு, காத்திருக்கும் நேரம். வெட்டிய துணிக்கட்டு (பண்டில்) வரவில்லை, நூல் கலர் மாறுகிறது, ஊசி முறிந்து மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கிறது. தப்பு கட்டிங்கில் இருந்தாலும் நஷ்டம் டெய்லருக்கு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். தினமும் 40 நிமிடம் சும்மா உட்கார்ந்தால் 8.33 சதவீதம். சட்டப்படியான குறைந்தபட்ச போனஸும் சரியாக அதே 8.33தான். தீபாவளிக்குக் கொடுக்கிற கையே வருடம் முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறது! ஒவ்வொரு மெஷினிலும் ஒரு அட்டை தொங்கட்டும். பத்து நிமிடம் தாண்டிய நிறுத்தத்தை சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு நேரக் கூலி சேர வேண்டும். புது ஸ்டைல் ஏறும் முதல் இரண்டு நாளுக்கும் அப்படியே. கை பழகாத நாளில் பீஸ் ரேட் வெறும் தண்டனை.

ஒன்றரை ஷிப்ட் கதை ஊருக்கே தெரியும். பன்னிரண்டு மணி நேரம் வேலை, ஒன்றரை ஷிப்ட் கூலி. சட்டக் கணக்கில் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி, அதாவது அந்த நாலு மணி நேரத்துக்கு முழு ஷிப்ட் கூலி வர வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆல்டர் பீஸ் (தையல் தப்பித் திருத்தத்துக்குத் திரும்புவது) ஏன் குவிகிறது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

'சம்பளம் அதிருப்தியைக் குறைக்கும், உற்சாகம் தராது' என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கைக் காட்டி வாதாடுவோர் உண்டு. 1959இல் வந்த அந்த ஆய்வில் அவர் கேட்டது பிட்ஸ்பர்க் வட்டாரத்து என்ஜினியர்களையும் கணக்காளர்களையும். வாரக் கூலியில் வாடகையும் மளிகையும் பார்க்கிறவரிடம் அதை அப்படியே ஒப்பிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஃபோர்டு கம்பெனியில் 1913இல் ஆட்கள் வந்து வந்து ஓடியதில் வருடச் சுழற்சி 370 சதவீதம், அதாவது நூறு இடத்துக்கு வருடத்தில் 370 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாக்கி, நாள் வரும்படியை ஐந்து டாலராக உயர்த்தினார்கள், ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. (அந்த ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்கு ஆள் அனுப்பி நடத்தையை வேவு பார்த்த பிறகே கிடைத்தது என்பது வேறு விஷயம்.)

கடைசியாக சனிக்கிழமைச் சம்பளக் கவர். உள்ளே பணம் மட்டும் இருந்தால் திங்கட்கிழமை காலை முதல் ஒரு மணி நேரம் எண்ணிக்கைத் தகராறிலேயே போகும். ஒரு துண்டுச் சீட்டு போதும்: எத்தனை பீஸ், என்ன ரேட், காத்திருந்த நேரம் எவ்வளவு, பிடித்தம் எதற்கு. தமிழில் அச்சடியுங்கள். வடமாநில ஆட்கள் இருந்தால் இந்தியிலும்.