ஐந்து நட்டு ஒத்துப்போனால் மட்டும் போதாது
5 நட்டும், அவை அமைந்திருக்கும் 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமும் ஒன்றாக இருந்தால் ஒரு எஸ்யூவியின் ரிம்மை இன்னொன்றில் தாராளமாக மாட்டலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மச்சான் தன் மாஸ்டா சிஎக்ஸ்-5 காரின் பழைய 17 அங்குல ரிம்களை என் ஹோண்டா சிஆர்-விக்குக் கொடுத்தார். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு டயர் கடையில் மாட்டினோம், கச்சிதமாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. காராக் நெடுஞ்சாலையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது, பின்னால் பிள்ளைகள் வேறு. மாஸ்டா ரிம்மின் நடு ஓட்டை 67.1 மில்லிமீட்டர், ஹோண்டாவின் ஹப், அதாவது ரிம் மாட்டும் அச்சு முனை, 64.1. இடைவெளியை நிரப்ப நடுவில் ஹப் ரிங் என்ற வளையம் போட்டிருக்க வேண்டும். அதைவிட ஆபத்து நட்டில். ஹோண்டா நட்டின் அடிப்பக்கம் உருண்டை, மாஸ்டா ரிம்மில் நட்டு உட்காரும் குழியோ கூம்பு. மரை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இறுக்கும்போது எதுவும் தெரியாது. கழற்றிப் பார்த்தபோது குழிக்குள் நூல் மாதிரி ஒரே ஒரு கோடு பளபளத்தது. நட்டு பிடித்திருந்த இடமே அவ்வளவுதான். கூம்பு நட்டும் ரிங்கும் போட்ட அப்புறம் நடுக்கம் நின்றது. இதையே திருப்பி, சிஆர்-வி ரிம்மை சிஎக்ஸ்-5-இல் போடலாமா என்று கேட்டால், சிஆர்-வி ரிம்மின் நடு ஓட்டை சின்னது, மாஸ்டா ஹப்பில் ஏறவே ஏறாது. கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.